அல்புமின் ஏறும் வரை

காசநோய் என்றதும் எல்லோரும் இருமலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு இருமல் இருக்கவில்லை. சளி இல்லை, துப்பினால் இரத்தம் இல்லை. இதைச் சொன்னால், "அப்படியா?" என்று கேட்டபடியே ஓர் அடி பின்னால் போகிறார்கள். அப்படிப் பின்னால் போனவர்களில் பத்து வருடமாக என்னிடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தொடங்கும்போது அவர்கள்மேல் கோபம். எழுத எழுத அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

கண்டி நகரத்தில் ஒரு மாடிக் கடையில் தையல் வேலை செய்கிறேன். பெயர் புஷ்பராணி. பிறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கணவர் யோகராஜா குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் த்ரீவீலர் ஓட்டுகிறார். மகள் நிவேதா ஏழாம் வகுப்பு. ஓர் அறை, ஒரு குசினி, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலையும் மழைக்குப் பயந்து பாதி நாள் மூடித்தான் வைப்போம்.

என் நோயை முதலில் கண்டுபிடித்தது அளவு டேப்தான். ஒரு கல்யாணத்துக்குப் போக எனக்கே ஜாக்கெட் வெட்டலாம் என்று அளவெடுத்தால் மார்பளவில் மூன்று அங்குலத்தைக் காணவில்லை. டேப் இழுபட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டு புது டேப் வாங்கினேன். அதுவும் அதையேதான் சொன்னது. பின்னேரமானால் காய்ச்சல். மூச்சை இழுத்தால் வலது முதுகில் ஊசி குத்துகிற மாதிரி வலி. மெஷினில் குனிந்தே இருப்பதால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். தேய்த்துவிடுகிறவர் யோகராஜா. தேய்க்கும்போது என் முதுகுக்கு மேலேயே இருமுவார். "அந்தச் சிகரெட்ட விட்டுத் தொலைங்களேன்" என்று நான் கத்துவேன். கடை மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்த அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் கீழ்ப்பாதி முழுவதும் வெள்ளையாக இருந்தது. என்னை ஒரு கதிரையில் திருப்பி உட்காரவைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, பெரிய ஊசியொன்றால் உள்ளே இருந்த நீரை இழுத்தார்கள். போத்தலில் விழுந்த நீர் பால் விடாத இளம் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றனவாம். அவற்றுக்கு நடுவில் காசநோய்க் கிருமி வந்தால் நீர் கோர்க்கும். கிருமி நுரையீரலுக்குள் இல்லாமல் வெளிச்சவ்வில் இருப்பதால் இருமலும் இல்லை, என்னால் பிறருக்குத் தொற்றுவதும் இல்லை என்றார்கள்.

இதை எனக்கு விளக்கியது வார்ட்டில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டர். முப்பது வயதுதான் இருக்கும். மற்றவர்கள் எட்டி நின்று பேசும்போது அவர் கட்டில் ஓரத்தில் வந்து நிற்பார்.

"அப்ப எனக்கு எப்புடி வந்துச்சு டொக்டர்?" என்று கேட்டேன்.

"காத்தில தான் அம்மா. எங்கையோ ஒரு இருமல்காரரிட்ட இருந்து வந்திருக்கும். பஸ்ஸில, கடையில, வீட்டில. வீட்டு ஆக்கள் எல்லாரும் ஒருக்காப் படம் எடுக்கவேணும், என்ன?"

"சரிங்க டொக்டர்" என்றார் யோகராஜா. அந்த வாரமே நிவேதாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்டதும் அழுதுவிட்டேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரை தொடங்கிய அன்று இரத்தமும் எடுத்தார்கள். மறுநாள் டொக்டர் அதன் ரிப்போர்ட் துண்டோடு வந்தார். அல்புமின் என்று ஒரு புரதம். இரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. அது குறைந்தால் தண்ணீர் கசிந்து காலில் இறங்கும், வயிற்றில் சேரும். முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு இருபத்தேழு.

"ஆனா மொத்தப் புரதம் எண்டு பாத்தா சரியாத்தான் காட்டும்" என்றார். "குளோபுலின் எண்டு இன்னொண்டு இருக்கு. உடம்பு கிருமியோட சண்டை பிடிக்கேக்க அது கூடும். இது குறைய அது கூட, கூட்டிப் பாத்தா வித்தியாசம் தெரியாது."

எனக்குப் புரிந்தது. எங்கள் கடையிலும் சிலர் மேல்துணியைக் கஞ்சமாக வெட்டி, உள்ளே லைனிங்கைக் கனமாகப் போட்டுக் கொடுப்பார்கள். கையில் வாங்கினால் கனம் சரியாக இருக்கும். போட்டால்தான் தெரியும்.

"எல்லாக் காசநோயும் ஒரு மாதிரி இல்லை" என்றும் சொன்னார். "நுரையீரலுக்குள்ள வாற ஆக்களுக்குத்தான் இது நல்லா விழும். கழுத்துக் கட்டியா வாறவைக்குப் பெரிசா விழாது. உங்களுக்கு நடுவில. அந்தத் தண்ணிக்குள்ளயும் கொஞ்சம் புரதம் போகுது. மாத்திரை வேலை செய்ய ஏறும். நீங்கள் நல்லாச் சாப்பிட்டால் காணும், வேற மருந்து தேவையில்லை. முட்டை, மீன், பருப்பு. விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் அன்று பின்னேரம் நான் செய்தது வேறு.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிவேதாவுக்கு முன்னால் எனக்கு ஒரு குழந்தை இருந்தது. அது வயிற்றில் இருந்தபோது சிக்கல் என்றார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பிறந்தது. கண்டிக்கு வந்து புதிதாகக் குடியேறிய நேரம், லீவு கிடைக்கவில்லை. அடுத்த திருவிழாவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்தத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது. தோட்டத்தில் யாரும் என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே போதுமாக இருந்தது. காய்ச்சலுக்குக் காரணம் காய்ச்சல்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, அதற்குப் பிறகு அம்மனிடம் சொன்ன சொல்லை நான் ஒரு நாள்கூடத் தள்ளிப் போட்டதில்லை.

அந்தப் பின்னேரம் பையில் இருந்த மஞ்சள் நூலை எடுத்து வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். இந்த நம்பர் முப்பத்தைந்தைத் தாண்டும் வரைக்கும் மீன், முட்டை என்று எந்தக் கவிச்சியும் தொடமாட்டேன் தாயே, ஒரு நேரம்தான் சாப்பிடுவேன் என்று வேண்டிக்கொண்டேன்.

வாசிக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். நானும் பிறகு அடித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அது கோணலாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வேண்டுதலுக்கும் முதலில் விடுவது கவிச்சியைத்தான். பிள்ளைக்கு அம்மை என்றாலும், பரீட்சை என்றாலும், வெளிநாட்டு விசா என்றாலும் அதுதான். புரதம் என்றாலும் அதுதான் என்று கை தானாகப் போய்விட்டது.

நூலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வார்ட்டில் எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. சிங்களப் பெண்களுக்குப் பன்சலையில், அவர்களுடைய புத்த கோயிலில், கட்டிய வெள்ளை நூல். எங்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் நர்ஸ் மிஸ்ஸின் கையிலும் அதே வெள்ளை நூல். பக்கத்துக் கட்டில் பரீதா ராத்தாவின் கழுத்தில் தாயத்து.

ராத்தா என்றால் அவர்களுக்கு அக்கா. தெல்தெனியக்காரி. ஐம்பது வயதிருக்கும். கணவர் விக்டோரியா குளத்து மீனை வாங்கி விற்கிறவர். கழுத்துக் கட்டி உடைந்து, அதோடு சீனி வருத்தமும், சர்க்கரை நோயும்தான், இருந்ததால் புண் ஆறும் வரை வைத்திருந்தார்கள். நல்ல வாய், நல்ல பசி. காலையில் ஆளுக்கொரு அவித்த முட்டை வரும். என்னுடையதை நான் அவர் தட்டில் வைத்துவிடுவேன்.

"ஏன் தங்கச்சி, நீங்க தின்னலையா?" என்று முதல் நாள் கேட்டார்.

"மாத்திரைக்கு மணம் புடிக்க மாட்டேங்குது ராத்தா."

அது முழுப்பொய்யும் இல்லை. அந்த மாத்திரைகளைப் போட்டால் சிறுநீர் தோடம்பழச் சாறு மாதிரி ஆரஞ்சு நிறத்தில் போகும், மத்தியானம் வரை குமட்டும். ராத்தா எனக்காகப் பரிதாபப்பட்டு முட்டையைச் சாப்பிட்டார். சற்று நேரத்தில் நர்ஸ் மிஸ் வந்து, "பித்தரய கேவாத?" என்று கேட்பார், முட்டை சாப்பிட்டாயா என்று. "கேவா மிஸ்" என்பேன். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அதிகம் பாவித்த சொல் அதுதான்.

இரண்டாவது வாரம் நம்பர் இருபத்து நான்கு. கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். என் செருப்புக்குள் கால் போகவில்லை. அதைப் பார்த்த யோகராஜா தன் செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் வெறுங்காலோடு வண்டிக்குப் போனார். "வேற வாங்கிட்டு வர்றேன்னு சொல்லலாமே" என்று எரிந்து விழுந்தேன். "இப்ப நீ பாத்ரூம் போகணுமே" என்றார். அந்தச் செருப்பைத்தான் வீடு வரும் வரைக்கும் போட்டேன்.

நம்பர் இறங்கியதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வேண்டுதல் போதவில்லை. உப்பை விட்டேன். மூன்றாவது வாரம் இருபத்தொன்று. பருப்பையும் விட்டு, மத்தியானம் மட்டும் கஞ்சி என்று ஆக்கினேன். இரவுச் சாப்பாட்டை வாந்தி வருகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நம்பர் குறையக் குறைய நான் நூலை இறுக்கினேன், நான் இறுக்க இறுக்க நம்பர் குறைந்தது. எத்தனையோ பேருக்கு அளவு பார்த்து வெட்டியவள், இதைக் கணக்காகப் பார்க்கவே இல்லை.

டொக்டர்கள் அலைந்தார்கள். அதை நினைத்தால்தான் இப்போதும் வெட்கம். ஈரல் கெட்டுவிட்டதோ என்று ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த ஐந்து நாளும் கிருமிக்கு விடுமுறை, எனக்குக் காய்ச்சல். சிறுநீரில் புரதம் போகிறதோ என்று இருபத்து நான்கு மணித்தியாலச் சிறுநீரை ஒரு கானில் பிடித்துக் கொடுத்தேன். போகவில்லை. வயிற்றிலும் நீர் கட்டத் தொடங்கியிருந்தது. குடலிலும் காசநோய் இருந்தால் சாப்பிடுகிற புரதம் உடம்பில் ஒட்டாமல் கசிந்து போகுமாம். அதைப் பார்க்க வாய் வழியாகவும் பின்வழியாகவும் குழாய் விட்டார்கள். அதிலும் ஒன்றும் அகப்படவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் வாசலில் பெஞ்சு, பெஞ்சில் மணிக்கணக்கு. யோகராஜா சவாரியை விட்டுவிட்டு வந்து என் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கண்டிக் குளிருக்கோ என்னவோ, எப்போதும் முழுக்கைச் சட்டை. இருமல் வந்தால் எழுந்து வெளியே போய் இருமிவிட்டு வருவார். மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவாம்.

ஐந்தாவது வாரம் நம்பர் பதினெட்டு.

அன்று டொக்டர் கட்டில் ஓரத்தில் நிற்கவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயிற்றில் சின்னத் துளை போட்டு, கமரா விட்டுப் பார்த்து, ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டுமாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இந்த நம்பரோடு மயக்கம் கொடுப்பதும் ஆபத்து. துளை போட்ட புண் ஆறாமலும் போகலாம்.

"செய்யாட்டி?" என்று கேட்டேன்.

"செய்யாட்டி என்னெண்டு தெரியாமலே இருப்பம். கீழ போய்க்கொண்டே இருக்குது அம்மா. எனக்கு வேற வழி தெரியேல்லை."

கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். அந்த மத்தியானம் முழுவதும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நிவேதாவுக்கு அடுத்த வருடத்துக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை யார் தைப்பார்கள் என்று நினைத்தேன். கடையில் வாங்கிக் கொடுப்பார்கள், அது தோளில் நிற்காது. அவளுக்கு என் மாதிரியே ஒரு தோள் கொஞ்சம் இறக்கம், அது கடைக்காரனுக்குத் தெரியாது. இதையே திரும்பத் திரும்ப நினைத்து அழுதேன். சாவதற்குப் பயமாக இருந்தது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மிகவும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை டொக்டர் ராத்தாவின் துண்டைப் பார்த்தார். நாலைந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ராத்தா, உங்களுக்கு அல்புமின் நாப்பத்திரண்டு. எனக்கே அவ்வளவு இருக்காது. இஞ்ச என்ன சாப்பிடுறியள்?"

"இங்க தர்றதத்தான் தின்னுற டொக்டர். காலைக்கு ரெண்டு முட்ட, பகலைக்கு ரெண்டு மீன் துண்டு. அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஈக்குது."

"ரெண்டோ? ஒரு முட்டைதானே தாறவை."

"எனக்கொண்டு. தங்கச்சிட ஒண்டு." ராத்தா வெகுளியாக என்னைக் காட்டினார். "அவக்கு மணம் ஏலாதே. முதல் நாள்ள இருந்தே எனக்குத்தான் தர்ற."

டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அந்த நூலை ஒருவர் பார்த்தார்.

"அம்மா, இது என்னத்துக்குக் கட்டினது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். பால்குடத்தையும் சொன்னேன், பிள்ளையையும் சொன்னேன். ராத்தா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அல்லாஹ்வே, முட்டையையா தின்னேன், இந்தப் புள்ளட உசுரையா தின்னேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். டொக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தக் கையெழுத்துத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சைவக்காரர் எல்லாரும் நல்லாத்தான் இருக்கினம். நானும் வெள்ளிக்கிழமை சைவம்தான்" என்றார். "பருப்பு, கடலை, பால் எண்டு மூண்டு நேரமும் சாப்பிட்டிருந்தாலும் எழும்பியிருப்பியள். நீங்கள் ஒண்டுமே சாப்பிடேல்லை. வாற வெள்ளிக்கிழமை உங்கட வயித்தை வெட்டப் பாத்தம்."

"என்னால நூல அவுக்க ஏலாது டொக்டர்" என்றேன். "வெட்டினாலும் வெட்டுங்க."

அவர் யோகராஜாவுக்குப் போன் போடச் சொன்னார்.

யோகராஜா வந்தபோது நனைந்திருந்தார். டொக்டர் எல்லாவற்றையும் என் முன்னாலேயே அவருக்குச் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேண்டுதலை வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம் என்று எங்கள் பக்கம் வழக்கம் உண்டு. நோயாளியால் முடியாவிட்டால் புருஷனோ கூடப்பிறந்தவர்களோ நூலை வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அதைக் கேட்கலாம் என்று மனதில் இருந்தது. ஆனால் கருவாடு இல்லாமல் ஒரு பிடி சோறு இறங்காத மனிதரிடம், நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவரிடம் எப்படிக் கேட்பது?

யோகராஜா கட்டிலில் உட்கார்ந்தார். ஈர முழுக்கைச் சட்டையின் வலது கையை மேலே சுருட்டினார். மணிக்கட்டுக்கு மேலே மஞ்சள் நூல் இருந்தது. அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது.

"நான் அன்னைக்கே கட்டிட்டேன் புள்ள" என்றார். "இருபத்தேழுன்னு சொன்னாங்களே, அன்னைக்கு. ஒன்னோட நம்பர் ஏறுற வரைக்கும் கவிச்சி இல்ல, ஒரு நேரச் சாப்பாடுதான்."

"அதே வேண்டுதலா?"

"நமக்கு வேற என்ன தெரியும்? ஒங்கிட்ட சொன்னா ஏசுவேன்னு சொல்லல. அம்மனுக்கு ஒருத்தரு போதும். நீ அவுத்திரு."

நானே அவிழ்க்கவில்லை. அவர்தான் அவிழ்த்து, தன் கையில் இருந்த நூலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். டொக்டர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்கள் பிடிக்கிற விரதம் பரவாயில்லை. அவ பிடிச்சதுதான் பிழை" என்றார். பிறகு, "உங்கட நெஞ்சுப் படம் எடுத்தாச்சுத்தானே?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு டொக்டர்" என்றார் யோகராஜா.

எவ்வளவு சுலபமாகச் சொன்னார். நானும் நம்பினேன், டொக்டரும் நம்பினார். அது என்னுடைய "கேவா மிஸ்" மாதிரியே இருந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ராத்தா தன் முட்டையை உரித்து என் வாயருகே கொண்டுவந்தார். கடைசியாக முட்டை சாப்பிட்டு ஐந்து வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் கடியில் குமட்டியது. ராத்தா விடவில்லை. பாதியாகப் பிட்டு, பாதியின் பாதியாகப் பிட்டு ஊட்டினார். யோகராஜா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கன்னம் எவ்வளவு ஒட்டிப் போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். விரதத்தினால் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், நல்ல செய்தி சுருக்கமாகத்தான் இருக்கும். துளை போடவில்லை. பத்து நாளில் இருபத்திரண்டு. வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று என்று ஏறியது. கால் வீக்கம் வடிந்து என் செருப்பு எனக்கே சேர்ந்தது. டேப்பில் ஓர் அங்குலம் திரும்பி வந்தது. நான் மீன் சாப்பிடும்போது யோகராஜா பிளேன்டீயோடு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார், வாசம் ஆசை காட்டுமாம். "முப்பத்தஞ்சு வரட்டும், ஒரு கிலோ கருவாடு வாங்கி ஒரே நாள்ல முடிக்கிறேன்" என்பார். சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

நாலாவது மாதம் முப்பத்தாறு என்று துண்டு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டை பஸ்ஸில் போனோம். கோயில் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே, நாற்பது படிக்குமேல் ஏற வேண்டும். நான் ஏறிவிட்டேன். ஆறு வாரத்துக்குமேல் கட்டிலில் கிடந்தவள் ஏறிவிட்டேன் என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், அவர் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். நிவேதா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் இறங்கி ஓடினேன். வாயைத் துடைத்த கைக்குட்டையை மடித்து மறைக்கப் பார்த்தார். பிடுங்கினேன். சிவப்பாக இருந்தது.

"படம் எடுத்தாச்சுன்னீங்களே?" என்றேன். "சொன்னீங்களே டொக்டர்கிட்ட?"

"ஒன்னயப் பாக்க வர்றதா, படம் எடுக்கப் போறதா?" என்றார். "ரெண்டு பேரும் படுத்துட்டா புள்ளைக்கு யாரு?"

அந்தப் படியிலேயே பூசாரியை வரவழைத்து நூல்களை அவிழ்க்கச் சொன்னேன். அன்று பின்னேரமே அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவருக்கு நுரையீரலுக்குள். இரண்டு பக்கமும். சளியில் கிருமி இருந்தது. அல்புமின் பத்தொன்பது. குளோபுலின் என்னுடையதைவிட எவ்வளவோ அதிகம். எனக்கு வந்தது அவரிடம் இருந்துதான் இருக்க வேண்டும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அதே டொக்டர். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "அண்டைக்கு நான் படத்தைக் காட்டுங்கோ எண்டு கேட்டிருக்கவேணும்" என்றார். "விரதம் பரவாயில்லை எண்டு வேற சொன்னன்." நோயோடு நாலைந்து மாதம் ஒரு நேரச் சாப்பாட்டில் வண்டி ஓட்டியிருக்கிறார் அந்த மனிதர். என் முதுகில் தைலம் தேய்த்தபோதே இருந்திருக்கிறது. சிகரெட் இருமல் என்று திட்டியது நான்தான். கோபம் யார்மேல் என்று இப்போது விளங்கும்.

நிவேதாவுக்கு இரண்டாவது தடவையும் படம் எடுத்தேன். கையில் வாங்கி என் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இது அவருக்கு மூன்றாவது வாரம். அவரைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். நம்பர் இருபது. ஒன்று ஏறியிருக்கிறது, அதை ஏற்றம் என்று சொல்லலாமா என்று டொக்டருக்கே தெரியவில்லை. பிழைப்பாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லத் தெரியாத டொக்டர் அவர்.

தினமும் காலையில் அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று என்று முட்டை அவித்துக்கொண்டு போகிறேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்க விடுகிறார்கள். கொடுத்துவிட்டு வருவதில்லை. அவர் உரித்து, கடித்து, விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். நேற்று அதையெல்லாம் முடித்த பிறகு, "கையக் காட்டுங்க" என்றேன். சட்டையைச் சுருட்டி இரண்டு கைகளையும் காட்டினார். வெறுங்கை. எலும்பு மட்டும் தெரிந்தது.

"இப்ப ஒன்னோடதக் காட்டு" என்றார்.

நான் கொஞ்சம் தயங்கினேன். பிறகு இடது கையைக் காட்டினேன்.

"அடுத்தது?"

வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல், முதல் நாள் பின்னேரம்தான் கட்டியிருந்தேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பையில் இருந்து நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னாலேயே வெட்டினேன். பிறகு டப்பாவில் மிச்சமிருந்த முட்டையை உரித்து, முகக்கவசத்தைக் கீழே இழுத்து, கதவில் இருந்து இரண்டடி தள்ளி நின்று சாப்பிட்டேன். வாயைத் திறந்தும் காட்டினேன்.